புயல் கடந்த பின் கரண்ட் இல்லாத நாட்கள்

கரண்ட் ஏன் நிற்கிறது

2016 டிசம்பர் 12 அன்று சென்னை அருகே கரையைக் கடந்த வர்தா புயல், மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்து நகரத்தை இருட்டாக்கியது. 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயல் சென்னையில் கரையேறவே இல்லை. ஆந்திராவின் பாபட்லா அருகே கடந்தது. ஆனாலும் வடசென்னையில் பல தெருக்களுக்கு நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்போது முக்கியக் காரணம் தேங்கிய தண்ணீர். பெரம்பூர், வியாசர்பாடி பக்கம் பூமிக்கடி கேபிளில் வரும் மின்சாரம், தெருவோர பில்லர் பெட்டியிலிருந்துதான் வீடுகளுக்குப் பிரிகிறது. பெட்டி மூழ்கிக் கிடக்கும்போது இணைப்புக் கொடுத்தால் தெருத் தண்ணீரிலும் மின்சாரம் பாயலாம். அதனால்தான் நீர் வடியும்வரை மின்வாரியமே நிறுத்தி வைக்கிறது. ஓட்டேரி நல்லாவும் பக்கிங்காம் கால்வாயும் நிரம்பி நின்றால் நீர் எளிதில் வடியாது.

இருட்டு தொல்லைதான்; ஆனால் உயிருக்கு உலை வைப்பது பெரும்பாலும் திரும்பி வரும் கரண்டும், அதற்கு மாற்றாக வீட்டுக்குள் கொண்டுவரும் பொருள்களும்.

கரண்ட் திரும்பும் நேரம்

விளக்கு எரிந்ததும் பல வீடுகளில் முதல் வேலை, சம்ப் மோட்டாரைப் போடுவது. இரண்டு நாளாகத் தண்ணீர் இல்லாத அவசரம். கை ஈரம், கால் வெறுங்கால், சுவிட்சோ மழைநீர் ஊறிய சுவரில். ஷாக் அடிக்க இதைவிடத் தோதான நிலை வேறில்லை. நீர் புகுந்த வீட்டில் மெயினை அணைத்து வைத்து, எலக்ட்ரீசியன் பார்த்த பிறகே போட வேண்டும். மெயினை எட்டத் தண்ணீரில் நிற்க வேண்டியிருந்தால் அதைத் தொடவே கூடாது. மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. அறுந்த கம்பி செத்துக் கிடப்பதாகத் தோன்றினாலும் நெருங்கக் கூடாது.

ஜெனரேட்டர் புகை

ஜெனரேட்டரும் கரியடுப்பும் வெளியிடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, குமட்டல், மயக்கம் என்று தொடங்கி, தூங்குபவரை எழுப்பாமலே கொன்றுவிடும். ஜெனரேட்டரை வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, திறந்த வெளியில் வைப்பதே பாதுகாப்பு. சுவரோடு சுவர் ஒட்டிய பெரம்பூர்ச் சந்துகளில் அந்த இடைவெளி கிடைப்பது அபூர்வம். கிடைக்காவிட்டால் ஓட்டாமல் இருப்பதே சரி. மாடிப்படிக்கு அடியில் வைத்துக் கதவைத் திறந்துவிட்டால் போதும் என்பது தவறான நம்பிக்கை. அறிகுறி தெரிந்தால் பாதிக்கப்பட்டவரை உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 108-ஐ அழைக்க வேண்டும்.

ஃபிரிட்ஜில் இருப்பவை

திறக்காத ஃபிரிட்ஜில் குளிர் சுமார் 4 மணி நேரம் நிற்கும். நிறைந்த ஃப்ரீசரில் சுமார் 48 மணி நேரம். அதற்குப் பின் காசிமேட்டு வஞ்சிரமானாலும் குப்பைக்குத்தான். கெட்ட மீனை எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அதில் உருவான நச்சு முழுதும் போகாது.

இன்சுலின் விஷயத்தில் இவ்வளவு பதற்றம் வேண்டாம். திறந்து பயன்படுத்தும் இன்சுலின், 30 டிகிரிக்குள் இருந்தால், பெரும்பாலும் நான்கு வாரம் வரை தாங்கும். திறக்காத குப்பிகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, ஈர மணலில் வைத்த மண்பானைக்குள் வைக்கலாம். ஐஸ் மீது நேராக வைத்து உறைந்துபோன மருந்து உதவாது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும் ஆக்சிஜன் கருவியில் இருப்பவர்களும் மாற்று ஏற்பாட்டைப் புயல் எச்சரிக்கை வந்த அன்றே மருத்துவமனையில் பேசி முடிப்பது அவசியம்.

தண்ணீரும் காய்ச்சலும்

வெள்ளம் புகுந்த சம்ப்பை இறைத்துக் கழுவி, குளோரின் இடும்வரை அதன் நீர் குடிக்கவோ சமைக்கவோ ஆகாது. குடிநீரைக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும். தேங்கிய நீரில் நடந்தவருக்கு ஓரிரு வாரத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். வெள்ளத்தில் நடந்ததை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்; காய்ச்சல் மாத்திரையோடு நாள் கடத்தினால் சிறுநீரகமும் கல்லீரலும் பாதிக்கப்படலாம்.

செய்தி கிடைக்கும் வழி

துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு கப்பல்களுக்கானது. கூண்டின் எண்ணை வைத்துத் தெருவில் எவ்வளவு நீர் தேங்கும் என்று கணிக்க முடியாது. அதற்கு வானிலை மையத்தின் மழை எச்சரிக்கையே பயன்படும். பேட்டரி ரேடியோ இன்றைக்கும் கைகொடுக்கும். போன் பேசமுடியாத நேரத்திலும் குறுஞ்செய்தி போய்ச் சேரக்கூடும். மாவட்டப் பேரிடர் உதவிக்கு 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, மாநகராட்சிக்கு 1913. சிக்னல் இல்லாவிட்டால் யு.பி.ஐ.யும் இல்லை, பாலுக்கும் மருந்துக்கும் கொஞ்சம் ரொக்கம் கையில் இருக்க வேண்டும்.