விபிஎன் ‘கனெக்டட்’... ஆனால் எதுவும் திறக்கவில்லை! ஒருவழிக் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

தேனி மாவட்டம் அனுமந்தன்பட்டியில் வீட்டிலிருந்தபடியே சென்னை கம்பெனிக்கு ஒருவர் வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காலையில் விபிஎன் போட்டால் ‘கனெக்டட்’ என்று காட்டுகிறது. ஆனால், ஆபீஸ் சர்வர் திறக்கவில்லை. பிராட்பேண்ட் கம்பெனியில் கேட்டால், “லைன் நல்லாத்தான் இருக்கு” என்கிறார்கள். ஐ.டி. டீமில் கேட்டால், “ஆபீஸ்ல எல்லாருக்கும் வேலை செய்யுதே” என்கிறார்கள். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். ஆனாலும் அவருக்கு அன்றைய வேலைநாள் போச்சு!

என்னதான் நடக்கிறது?

இணையத்தில் தகவல், சின்னச் சின்ன பாக்கெட்டுகளாகப் போகிறது. ஒவ்வொன்றிலும் அனுப்புநர், பெறுநர் என இரண்டு ஐ.பி. முகவரிகள் இருக்கும். வழியில் உள்ள ரவுட்டர்கள் பொதுவாகப் பெறுநர் முகவரியை மட்டும் பார்த்து வழி அனுப்பும். எங்கிருந்து வந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளாது. அதனால் பதில் திரும்பி வருவது தனிப் பயணம். போக பஸ் இருக்கிறது, திரும்பி வர பஸ் இல்லை என்கிற கதைதான் இது.

டயல்-அப் காலத்துக் கோளாறு

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. டெலிபோன் லைனில் மோடம் கூப்பிட, மறுமுனையில் ‘அக்சஸ் சர்வர்’ எடுக்கும். பாஸ்வேர்டைச் சரிபார்த்து, கையிருப்பில் உள்ள ஐ.பி. முகவரிகளில் ஒன்றைக் கொடுக்கும். சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான ‘கார்டெக்ட்’ வயர்லெஸ் தொழில்நுட்பம் மூலம் மதுரை மேலூர் பகுதிக் கிராமங்களுக்கு 2000-களின் தொடக்கத்தில் இணையம் போனது. அந்த அமைப்பிலும் இதே வேலையைச் செய்யும் கருவி இருந்தது.

சிக்கல், இந்தக் கையிருப்பு முகவரிகளில்தான். ஆபீஸ் நெட்வொர்க் 192.168.10 வரிசை, டயல் செய்பவர்களுக்குக் கொடுப்பது 192.168.20 வரிசை என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பாக்கெட் சர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். சர்வர் பதிலை ஆபீஸ் ரவுட்டரிடம் கொடுக்கும். “192.168.20-க்குப் போக அக்சஸ் சர்வரிடம் கொடு” என்று ரவுட்டரில் யாரும் எழுதி வைக்காவிட்டால், அது பதிலை வெளி இணையத்தின் பக்கம் தள்ளிவிடும். தனியார் முகவரிகளுக்கு வெளியே வழி கிடையாது. பதில் அங்கேயே காலி.

இன்றைய விபிஎன் சர்வரும் இதே வேலையைத்தான் செய்கிறது. அதனால் இதே கோளாறும் வருகிறது.

கண்டுபிடிப்பது எப்படி?

1. விபிஎன் ஆப்பில் அனுப்பிய, பெற்ற டேட்டா அளவைப் பாருங்கள். அனுப்பியது ஏறிக்கொண்டே போக, பெற்றது கிட்டத்தட்ட அப்படியே நின்றால் ஒருவழிக் கோளாறு என்று சந்தேகப்படலாம்.

2. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் முயன்று பாருங்கள். வேலை செய்தால் கோளாறு வீட்டு வைஃபை அல்லது பிராட்பேண்ட் பக்கம். வீட்டிலும் ஆபீஸிலும் 192.168.1 என்று ஒரே வரிசை இருந்தால், ஆபீஸுக்குப் போக வேண்டிய பாக்கெட் வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும். வீட்டு ரவுட்டரில் வரிசையை மாற்றினால் போதும். ஹாட்ஸ்பாட்டிலும் அதே கதை என்றால், பெரும்பாலும் ஆபீஸ் பக்கம்தான் பார்க்க வேண்டும்.

3. ‘பிங்’ தோற்றால், போகவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். பிங் வெற்றிபெற, போவதும் வருவதும் இரண்டும் நடக்க வேண்டும். ஆபீஸ் சர்வரில் ‘டிசிபி டம்ப்’ போட்டு, கேள்வி வந்து சேர்கிறதா, பதில் கிளம்புகிறதா என்று ஐ.டி. டீம் பார்க்க வேண்டும். இரண்டும் நடந்தும் உங்களுக்குப் பதில் வரவில்லை என்றால், உடைந்திருப்பது திரும்பும் பாதை.

ஏமாற்றும் சோதனை

விபிஎன் சர்வரிலிருந்தே பிங் செய்துவிட்டு, “எல்லாம் சரியா இருக்கு” என்று சொல்வார்கள். அப்போது அது பயன்படுத்துவது தன்னுடைய ஆபீஸ் முகவரியை. அந்த முகவரி எல்லோருக்கும் தெரியும் என்பதால் பதில் வந்துவிடும். உங்களுக்குக் கொடுத்த முகவரியிலிருந்து சோதித்தால்தான் குட்டு வெளிப்படும்.

தீர்வு என்ன?

விபிஎன் முகவரி வரிசைக்கு ஆபீஸ் ரவுட்டரில் ஒரு வரி ‘ரூட்’ சேர்த்தால் போதும். அல்லது, விபிஎன் சர்வரே தன் முகவரியில் கேட்பது போல ‘நாட்’ செய்யலாம். ஆபீஸ் வரிசையிலிருந்தே முகவரி கொடுத்திருந்தால் கதை வேறு. நீங்கள் பக்கத்து மேசையில் இருப்பதாக சர்வர் நினைத்து, ஆபீஸுக்குள்ளேயே தேடும். அப்போது விபிஎன் சர்வர் உங்களுக்காகப் பதில் குரல் கொடுக்க ‘பிராக்ஸி ஆர்ப்’ இயங்க வேண்டும். இவையெல்லாம் சரி என்றால், பதிலை ஃபயர்வால் தடுக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்த முறை புகார் செய்யும்போது “நெட் வரல” என்று மட்டும் எழுதாதீர்கள். உங்கள் விபிஎன் முகவரி, கோளாறு நடந்த நேரம், ஹாட்ஸ்பாட் சோதனையின் முடிவு மூன்றையும் குறிப்பிட்டு, “இந்த முகவரிக்குத் திரும்பும் ரூட் இருக்கிறதா?” என்று கேளுங்கள். எங்கே தேட வேண்டும் என்பது ஐ.டி. டீமுக்கு அப்போதே தெரிந்துவிடும்.