கலக்கும் தாங்கியும் கணக்கும்

கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் இறப்பர்த் தோட்டங்களில் வாழ்வோருக்குத் தொழிற்சாலையின் பால் தாங்கி புதியதன்று. காலையில் வெட்டிய மரங்களின் பால் வாளி வாளியாக அங்கே வந்து சேரும். ஒரு மலையின் பால் தடிப்பாக இருக்கும். மற்றொரு மலையின் பால் நீர்த்திருக்கும். யாவற்றையும் ஒரே தாங்கியில் ஊற்றிக் கலக்கியபின், எந்த மூலையில் மொண்டு பார்த்தாலும் ஒரே தன்மையே காணப்படும்.

இக்காட்சியில் ஒரு சிறு மாற்றம் செய்து பார்ப்போம். ஒரு குழாயினால் திரவம் இடையறாது தாங்கியுட் புகுகின்றது; மற்றொரு குழாயினால் அதே அளவு வெளியேறுகின்றது; நடுவே துடுப்புச் சுழல்கின்றது; உள்ளே இரசாயனத் தாக்கம் நடைபெறுகின்றது. இதுவே தொடர்முறைக் கலக்கு தாக்கக் கலம். இதற்கும் எங்கள் தோட்டங்களுக்கும் பழைய உறவொன்று உண்டு. 1942இல் மலாயா யப்பானியர் வசமானபோது, இலங்கையின் இறப்பருக்கு நேச நாடுகளிடையே பெருந்தேவை ஏற்பட்டது. அதே வேளையில் அமெரிக்கா செயற்கை இறப்பரைப் பேரளவில் உற்பத்தி செய்ய முனைந்தது. பின்னாளில் அவ்வுற்பத்தி, ஏறக்குறைய 5 பாகை செல்சியஸ் குளிரில், வரிசையாக இணைக்கப்பட்ட கலக்கு கலங்களிலே நடைபெறலாயிற்று. எங்கள் மரத்தின் பாலோடு சந்தையிற் போட்டியிடும் பொருள் அத்தகைய கலங்களிலே பிறந்தது.

இக்கலத்தின் போக்கை முன்கூட்டி அறிவது எவ்வாறு? அதற்கான விதி, இல்லத்தரசி ஒருத்தியின் வரவுசெலவுக் கணக்கைப் போன்றதே. உட்புகுந்ததிலிருந்து வெளியேறியதைக் கழித்து, தாக்கத்தினால் உண்டானதைக் கூட்டி, அழிந்ததைக் கழித்தால், எஞ்சுவது கலத்தினுள் ஏற்பட்ட மாற்றமாகும். இக்கணக்கைப் பொருளுக்கு ஒன்றும் வெப்பத்துக்கு ஒன்றுமாக எழுதி, கணந்தோறும் தொடர்ந்து செல்வதையே அறிஞர் இயக்க மாதிரி என்கின்றனர்.

முதலிற் பொருட்கணக்கு. 1000 லீற்றர் கொண்ட தாங்கியில் நிமிடத்துக்கு 100 லீற்றர் தூய நீர் ஓடிக்கொண்டிருக்கின்றது. திடீரென அந்நீருக்குப் பதிலாகச் சாய நீரை விடுகின்றோம். பத்து நிமிடங்களில் ஒரு தாங்கி அளவு நீர் புகுந்துவிடுமாதலால், உள்ளிருப்பது முழுவதும் சாயநீராகிவிடும் என்று எண்ணத் தோன்றும். அவ்வாறன்று. புதிதாக வந்த சாயமும் பழைய நீரோடு கலந்து வெளியேறிக்கொண்டே இருப்பதால், 10 நிமிடங்களில் சாயத்தின் செறிவு 63 வீதத்தையே எட்டும். 20 நிமிடங்களில் 86 வீதம். 30 நிமிடங்களில் 95 வீதம். கலக்கு கலம் எதனையும் உடனே மறப்பதுமில்லை. எதனையும் உடனே ஏற்பதுமில்லை.

இனி, உயிரோடு தொடர்புடைய வெப்பக்கணக்குக்கு வருவோம். வெப்பத்தை வெளிவிடும் தாக்கமொன்றை எடுத்துக்கொள்வோம். சுற்றிலும் ஓடும் குளிர்நீரும் உட்புகும் திரவமும் 30 பாகையில் உள்ளன. வெப்பம் நீங்கும் அளவு, கலத்துக்கும் அவற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டுக்கு ஏற்றதாகும். ஆனால் தாக்கத்தின் வேகமோ, பெரும்பாலான தாக்கங்களில், 10 பாகை உயரும்போது ஏறத்தாழ இரட்டிக்கும். கலம் 50 பாகையில் இருக்கையில் பிறக்கும் வெப்பம் 100 பங்கு, நீங்கும் வெப்பமும் 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். 40 பாகையிற் பிறப்பது 50. வேறுபாடு 20இலிருந்து 10ஆகக் குறைந்ததால் நீங்குவதும் 50. ஆகவே சமநிலைகள் இரண்டு. ஆயினும் அவை ஒத்தவையல்ல. 45 பாகையிற் பிறப்பது 71, நீங்குவது 75. கலம் குளிர்ந்து 40ஐ நோக்கித் திரும்பும். 60 பாகையிற் பிறப்பது 200, நீங்குவது 150. கலம் மேலும் கொதித்து ஏறும். அதாவது 40 பள்ளத்தில் இருக்கும் பந்து. 50 குன்றின் உச்சியில் நிற்கும் பந்து. உச்சியைத் தாண்டினால், மூலப்பொருள் பெரும்பாலும் எரிந்து தீரும் உயர்ந்த வெப்பநிலையிலேதான் மூன்றாவது சமநிலை கிடைக்கும். அதுவரை கலம் தாங்குமாயின்!

இன்னுமொரு செய்தி. குளிர்நீரும் உட்புகும் திரவமும் 30 பாகைக்குப் பதிலாக 32 பாகையில் வருகின்றன என்று கொள்வோம். இப்போது 40 பாகையிற் பிறப்பது 50, நீங்குவது 40. 45 பாகையில் 71க்கு 65. 50 பாகையில் 100க்கு 90. எங்கும் வரவே மிகுதி. பாதுகாப்பாக இருந்த பள்ளமே மறைந்துவிட்டது. இரண்டு பாகை வேறுபாடு ஒரு தொழிற்சாலையைத் தலைகீழாக்கப் போதுமானது என்பதைக் காகிதமும் பென்சிலுமே காட்டிவிடுகின்றன. இத்தகைய பல சமநிலைகளை ஒல்லாந்தரான வான் ஹேர்டன் 1953இல் விளக்கினார்; 1958இல் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தின் அமண்ட்சனும் ஏரிசும் கலத்தின் நிலைபேற்றையும் கட்டுப்பாட்டையும் கணித முறையில் ஆராய்ந்தனர்.

இது ஏட்டுக் கணக்கன்று. 2007 திசெம்பர் 19ஆம் நாள் அமெரிக்காவின் ஜாக்சன்வில் நகரில் டீ-2 என்னும் இரசாயன நிறுவனத்தின் கலமொன்று வெடித்து நால்வர் மாண்டனர். அது தொடர்முறைக் கலமன்று. தொகுதி தொகுதியாக இயக்கப்பட்டது. ஆயினும் வெப்பக்கணக்கு ஒன்றே. குளிர்விக்கும் ஏற்பாடு தவறியது. அதற்கு மாற்று ஏற்பாடு இருக்கவில்லை. அதற்கு முன் 174 தொகுதிகளை அக்கலத்தில் உற்பத்தி செய்திருந்தனர்; வெடித்தது 175ஆவது. இதுவரை ஒன்றும் நிகழவில்லை என்பது, இனியும் நிகழாது என்பதற்குச் சான்றாகாது. கணக்கே சான்று.

நேயர்களே, இக்கணக்கில் நாம் பயன்படுத்தியவை கூட்டல், கழித்தல், பெருக்கல் ஆகியனவே. கலைத்துறையிற் பயின்ற நானும் இதனைச் சொல்ல முடிந்தது அதனாலேயே. ஆனால் உண்மைக் கலமொன்றை வகுப்போருக்கு நுண்கணிதமும் இரசாயனமும் இன்றியமையாதவை. தோட்டப்புறப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞான வகுப்பு உள்ளவை சிலவே. பால் தாங்கியருகே வளரும் பிள்ளை, அத்தாங்கியின் கணக்கையும் எழுதக் கற்றால், நாளை அதன் துடுப்பருகே மட்டுமன்றி, அதனை வகுக்கும் மேசையருகேயும் அவன் நிற்பான், அவளும் நிற்பாள். கலத்தில் ஒரு பாகை ஏறுமுன்னரே ஆபத்தை அறிந்து சொல்லும் குரல் நம்மிடமிருந்தும் எழவேண்டும்.