15 எழுத்துதான்... ஆனா, கட் பண்றதுல தப்பு நடந்தா?

வெள்ளிக்கிழமை காலையில ஒடுகத்தூர் ஆட்டுச் சந்தைக்குப் போனா, பேச்செல்லாம் எடை, விலை, பல்லு பத்திதான். ஆனா, அங்க நிக்கிற ஒவ்வொரு ஆட்டோட வயித்துக்குள்ளயும் கோடிக்கணக்கான ஒருசெல் உயிரிகள் நீந்திட்டு இருக்கு. மேய்ஞ்ச தழையைச் செரிக்க உதவுற கூட்டத்துல அதுங்களும் உண்டு. உடம்புல குட்டிக் குட்டி இழைகள் இருக்கிறதால 'சிலியேட்'னு பேர். ஸ்கூல்ல செருப்பு வடிவத்துல படம் வரைஞ்சோமே பாரமீசியம்... அதுவும் இதே வகையறாதான்.

இந்தக் குடும்பத்துக்கு ஒரு வித்தியாசமான ரெக்கார்டு இருக்கு. அதைப் புரிஞ்சுக்க, முதல்ல 'இன்ட்ரான்'னா என்னன்னு பார்த்துடலாம்.

ரீல்ஸ் எடுக்கிறீங்க. பத்து நிமிஷம் ஷூட் பண்ணி, தேவையில்லாததை வெட்டிட்டு, மிச்சத்தை ஒட்டி ஒரு நிமிஷ வீடியோவா போடுறீங்க இல்லையா? நம்ம செல்லும் அதைத்தான் செய்யுது. மரபணுவை முதல்ல அப்படியே ஆர்.என்.ஏ-வா காப்பி எடுக்கும். அதுல நடுநடுவுல தேவையில்லாத பகுதிகள் இருக்கும். அதுதான் இன்ட்ரான். அதை வெட்டி எறிஞ்சுட்டு, மிச்சத்தை ஒட்டி, அதைப் படிச்சுப் புரதம் தயாரிக்கும். 1977-ல் இதைக் கண்டுபிடிச்ச ரிச்சர்டு ராபர்ட்ஸ், பிலிப் ஷார்ப் ரெண்டு பேருக்கும் 1993-ல் நோபல் பரிசு கிடைச்சது.

மனுஷங்ககிட்ட இன்ட்ரான்கள் சராசரியா ஆயிரக்கணக்கான எழுத்து நீளம். நம்ம தசைக்குத் தேவையான டிஸ்ட்ரோஃபின் மரபணு சுமார் 22 லட்சம் எழுத்து. வெட்டி முடிச்சா மிஞ்சுறது சுமார் 14,000 எழுத்துதான்!

சிலியேட் உலகம் இதுக்கு நேரெதிர். பாரமீசியத்துல ஒரு இன்ட்ரான் சராசரியா 25 எழுத்து. குளத்துல வாழுற, ஊதுகுழல் மாதிரி இருக்கிற 'ஸ்டென்டர்' உயிரியோட மரபணுத் தொகுதியை 2017-ல் வெளியிட்டாங்க. அதுல பெரும்பாலான இன்ட்ரான்கள் வெறும் 15 எழுத்து. சிலது 16.

இவ்வளவு சின்னதா இருந்தா எப்படி அடையாளம் கண்டு வெட்டும்? முக்கியம் நீளம் இல்ல, கட் மார்க். ஆரம்பத்துல 'ஜி.டி.', முடிவுல 'ஏ.ஜி.'. ஸ்டென்டருக்கும் சரி, நமக்கும் சரி, பெரும்பாலும் இதே மார்க்தான்.

ஒரு எழுத்து தள்ளி வெட்டினாலும் சிக்கல். ஏன்னா, செல் மூணு மூணு எழுத்தாத்தான் படிக்கும். 'இவர் மகன் படம்'ங்கிறதுல முதல் எழுத்து போச்சுன்னா, 'வர்ம கன்ப டம்'னு ஆகிடும். பாரமீசியம் இதுக்கும் ஒரு வழி வெச்சிருக்கு. இன்ட்ரானை வெட்டாம விட்டா, பெரும்பாலும் காப்பியில பாதியிலயே 'நிறுத்து'ங்கிற குறி வந்துடும். உடனே அந்தக் காப்பியையே செல் அழிச்சிடும்.

'சரி, குளத்துப் பூச்சிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?'னு கேட்கிறீங்களா? ரத்தத்துல ஹீமோகுளோபின் தயாரிக்கிற பீட்டா குளோபின் மரபணுவோட முதல் இன்ட்ரான், 130 எழுத்து. அதுல அஞ்சாவது எழுத்து 'ஜி'-க்குப் பதிலா 'சி'-யா மாறினா, செல் தப்பான இடங்கள்ல வெட்ட ஆரம்பிச்சிடும். இந்தியாவுல பீட்டா தலசீமியாவுக்கு அதிகமா காரணமா இருக்கிறது இந்த ஒற்றை எழுத்து மாற்றம்தான். நோய் தீவிரமான குழந்தைகளுக்கு, மாசா மாசம் ரத்தம் ஏத்தணும். ஒடுகத்தூருக்குப் பக்கத்துல இருக்கிற வேலூர் சி.எம்.சி-யில் 1986-லிருந்தே எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்யுறாங்க. தலசீமியா குழந்தைகளும் அதுல குணமாகியிருக்காங்க. ஆனா, பொருத்தமான ஆள் கிடைக்கணும், செலவும் பெருசு.

அம்மா, அப்பா ரெண்டு பேரும் பார்க்க ஆரோக்கியமா இருந்தும், இந்தக் கோளாறைச் சுமக்கலாம். அப்படி இருந்தா, ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர 25 சதவிகித வாய்ப்பு இருக்கு. சொந்தத்துல கல்யாணம்னா, ரெண்டு பேருமே சுமக்கிற வாய்ப்பு இன்னும் கூடும். ஜாதகம் பார்க்கிறப்போ, டாக்டர்கிட்ட 'ஹெச்பி ஏ2' ரத்தப் பரிசோதனை பத்தியும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க!