ஒருமுறை விலை, நெடுநாள் மதிப்பு: 2023-ஆம் ஆண்டின் ஐந்து காணொளி விளையாட்டுகள்

காணொளி விளையாட்டு என்றதும் பெற்றோர் பலருக்கு மூன்று கவலைகள் எழுகின்றன: கண் கெடும், படிப்பு கெடும், பணம் கரையும். முதல் இரண்டைப் பற்றி மருத்துவரும் ஆசிரியரும் பேசட்டும். மூன்றாவதைப் பற்றிப் பேச வங்கி அலுவலர் ஒருவருக்கு ஓரளவு உரிமை உண்டு. சிறு சிறு தொகைகளாகப் பணம் கழிக்கப்பட்டிருப்பதைக் கணக்குப் புத்தகத்தில் கண்ட பிறகே, வீட்டுப் பிள்ளை கைபேசியில் என்ன விளையாடுகிறான் என்று விசாரிக்கத் தொடங்கும் வாடிக்கையாளர்களை எல்லாக் கிளைகளிலும் காணலாம்.

ஆயினும், எல்லா விளையாட்டுகளையும் ஒரே தராசில் நிறுப்பது முறையாகாது. நல்ல நாவலைப் போலவும் நல்ல திரைப்படத்தைப் போலவும் மனத்தில் தங்கும் விளையாட்டுகள் ஆண்டுதோறும் வெளிவருகின்றன. விளம்பரப் பேரொலியில் அவற்றுட் பல நம் செவிக்கு எட்டுவதில்லை.

2023-ஆம் ஆண்டு இத்துறைக்குப் பேராண்டு. பெல்ஜியம் நாட்டின் லேரியன் நிறுவனம் உருவாக்கிய ‘பால்டர்ஸ் கேட் 3’ ஆண்டின் சிறந்த விளையாட்டுக்கான விருதுகளைக் குவித்தது. நிண்டெண்டோவின் புதிய ‘செல்டா’ மே மாதம் வெளிவந்தது. அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஏறத்தாழ 6,900 கோடி டாலர் மதிப்பில் ஆக்டிவிஷன் பிளிசார்ட் நிறுவனத்தைத் தன்வயப்படுத்தியது. அதே ஆண்டில் இத்துறையில் ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். இத்தகைய ஆண்டில், இருவரும் பதின்மரும் சேர்ந்து செய்த சிறு படைப்புகள் கவனிப்பின்றிப் போவதில் வியப்பில்லை.

அவ்வாண்டின் படைப்புகளுள் ஐந்தினை இங்கே பரிந்துரைக்கிறேன். தேர்வுக்கு மூன்று அளவுகோல்களைக் கொண்டேன். ஒருமுறை விலை கொடுத்தால் கதையை முழுவதும் ஆடி முடிக்க இயல வேண்டும். விளையாட்டுக்கு முடிவு என்று ஒன்று இருக்க வேண்டும். முடிந்த பின் வீட்டில் பேசுவதற்கு ஏதேனும் மிஞ்ச வேண்டும்.

வெண்பா: அடுக்களையில் ஒரு மொழிச் சிக்கல்

என் கணக்கில் ஆண்டின் முதலிடம் ‘வெண்பா’வுக்கே. கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் என்னும் சிறு குழுவினர் உருவாக்கி, 2023 ஜூலை 31 அன்று வெளியிட்டனர். யாப்பிலக்கணத்தில் கட்டுக்கோப்பு மிகுந்த பாவின் பெயர், இங்கே ஒரு தாயின் பெயராகிறது. 1988-இல் தமிழகத்திலிருந்து கனடாவில் குடியேறிய வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்கே பிறக்கும் மகன் கவின் ஆகிய மூவரே முதன்மைப் பாத்திரங்கள்.

ஆடுபவர் செய்ய வேண்டியது சமையல். வெண்பா தன் தாயிடமிருந்து கொண்டுவந்த சமையற்குறிப்பு நூல் கிழிந்தும் கறைபடிந்தும் கிடக்கிறது. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி சரியாக ஏறும், புட்டுக் குழாயில் மாவும் தேங்காய்த் துருவலும் எந்த முறையில் நிரம்ப வேண்டும், பிரியாணிக்கு எதன்பின் எதைச் சேர்க்க வேண்டும் என விடுபட்ட வரிகளை நாமே ஊகித்து நிரப்புகிறோம். தவறினால் தண்டனை இல்லை, மீண்டும் முயலலாம். நம் வீட்டு அடுக்களைகளில் பெண்கள் சமையல் கற்றதும் இவ்வாறே அன்றோ?

சமையலுக்கு இடையே குடும்பத்தின் கதை நகர்கிறது. தகுதிக்கேற்ற வேலை கிடைக்காத பெற்றோர், பள்ளியில் மற்றவர்போல் இருக்க விழையும் மகன், கட்டிக்கொடுத்த உணவைத் தோழர் முன் திறக்கக் கூசும் பிள்ளை மனம் என்று ஆண்டுகள் கடக்கின்றன. தாய் தமிழில் பேசுகிறாள். மகன் ஆங்கிலத்தில் விடை சொல்கிறான். வளர்ந்த கவின் அச்சமையல் நூலைக் கையிலெடுக்கும்போது, தமிழ் எழுத்துகளே அவனுக்குத் தடையாகி நிற்கின்றன. கதையின் முடிவை இங்கே சொல்லப்போவதில்லை. பின்னணியில் ஒலிக்கும் பாடல்கள், தமிழ்த் திரையிசையின் வெவ்வேறு காலங்களை நினைவூட்டும்படி புதிதாக அமைக்கப்பட்டவை. கேட்கும் பெற்றோர் தம் இளமையை அவற்றில் அடையாளம் காண்பர்.

இக்கதை கனடாவுக்கு மட்டும் உரியதன்று. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்துடன் இணைந்தபோது, திருவனந்தபுரத்துத் தமிழர் இந்நகரிலேயே தங்கினர். சாலைக் கடைத்தெருவிலும் கரமனையிலும் இன்றும் தமிழ் ஒலிக்கிறது. பணி மாறுதலால் வந்து சேர்ந்த என்னைப் போன்ற குடும்பங்களும் பல. என் மகள் மலையாளப் பத்திரிகையைத் தடையின்றி வாசிக்கிறாள். தமிழை நன்றாகப் பேசுகிறாள். ஆனால், அவளுடைய ஆச்சி கைப்பட எழுதித் தந்த ஊறுகாய்ப் பக்குவத்தை வாசிக்க என் துணை வேண்டியிருக்கிறது. ‘வெண்பா’வை அவளோடு சேர்ந்து ஆடி முடித்த மறுநாள், ‘ற’கரத்துக்கும் ‘ர’கரத்துக்கும் எழுத்தில் என்ன வேறுபாடு என்று அவளாகவே கேட்டாள். ஓர் ஆண்டாக நான் சொல்லியும் எழாத கேள்வி அது.

ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் ஆடி முடித்துவிடலாம். இவ்வளவு சிறியதற்கு விலையா என்று கேட்டவர்கள் உண்டு. திரைப்படத்தின் நீளமும் அவ்வளவுதானே! 2024 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவில் தனியார் படைப்பாளிகளுக்கான ஐ.ஜி.எஃப். விழாவின் தலைமைப் பரிசையும், ஏப்ரலில் இலண்டனில் சிறந்த அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருதையும் இது வென்றது. தமிழ்ப் பெயர் தாங்கிய விளையாட்டுக்கு இப்பெருமைகள் கிட்டியும், தமிழ் வீடுகளில் இதனை அறிந்தவர் மிகச் சிலரே.

டிரெட்ஜ்: கடனும் கடலும்

நியூசிலாந்தின் பிளாக் சால்ட் கேம்ஸ் குழுவினரின் ‘டிரெட்ஜ்’ 2023 மார்ச் 30 அன்று வெளிவந்தது. இது பரவலாக விற்பனையான படைப்பு. எனவே கவனிக்கப்படாதது என்று கூற இயலாது. வங்கியாளரின் கண்ணோட்டத்தில் மட்டும் யாரும் இதனைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

படகு உடைந்து, முன்பின் அறியாத தீவில் ஒதுங்கும் மீனவர் ஒருவருக்கு ஊர்த்தலைவர் வேறு படகு தருகிறார். அப்படகு கடனாக வந்தது. மீன் விற்ற வருவாயில் கடனை அடைக்க வேண்டும்; எஞ்சியதைக் கொண்டு நல்ல தூண்டிலும் விரைவான இயந்திரமும் வாங்கலாம். படகின் உள்ளிடம் கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு மீனும் தன் வடிவத்துக்கேற்ப இடத்தை அடைக்கும். இயந்திரம் அடைத்திருக்கும் இடத்தில் மீனை வைக்க இயலாது. பிடித்த மீனைக் காலம் தாழ்த்தி விற்றால் அது கெட்டு விலை சரியும். மூலதனம், கையிருப்பு, தேய்மானம், கடன் தவணை என்று வணிகவியல் மாணவர் வகுப்பறையில் மனப்பாடம் செய்தவை யாவும் இங்கே ஓர் அலையாட்டத்தில் அனுபவமாகின்றன.

இரவில் கடலில் தங்கினால் அரிய மீன்கள் கிடைக்கும்; அச்சமும் மூடுபனியும் சேர்ந்தே வரும். கூடுதல் ஆதாயத்துக்குக் கூடுதல் இடர் என்னும் பாடத்தை இதைவிடத் தெளிவாகச் சொல்வது கடினம். விழிஞ்ஞம் கரையில் விடியற்காலையில் வள்ளங்கள் திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு, அந்த இரவுக் கடல் வெறும் கற்பனையாகத் தோன்றாது. திகில் கலந்த கதையாதலால் சிறு பிள்ளைகளுக்கு ஏற்றதன்று.

சான்ட்ஸ் ஆஃப் சென்னார்: எழுத்தறியாதவரின் பயணம்

பிரான்சின் துலூஸ் நகரைச் சேர்ந்த ரன்டிஸ்க் என்னும் சிறு நிறுவனத்தின் படைப்பு இது. 2023 செப்டம்பர் 5 அன்று வெளிவந்தது. பாபேல் கோபுரக் கதையை அடியொற்றியது. கோபுரத்தின் ஒவ்வொரு தளத்திலும் ஒவ்வொரு மக்கள். அவரவர்க்குத் தனி எழுத்து, தனி இலக்கணம். ஆடுபவருக்கு ஒரு சொல்லும் தெரியாது. கதவருகே உள்ள பலகை, சுவரோவியம், எதிர்ப்படுவோரின் சைகை ஆகியவற்றைக் கூர்ந்து நோக்கி, ‘இக்குறிக்குப் பொருள் இதுவாகலாம்’ என்று குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும். போதிய ஊகங்கள் சேர்ந்ததும் அவை சரியா என்று விளையாட்டே உறுதிப்படுத்தும்.

ஒரு தளத்தின் மொழியில் பன்மையைக் குறிக்க ஒரே குறியை இருமுறை எழுதுகின்றனர். வேறொரு தளத்தில் சொல்வரிசையே மாறுகிறது. பின்னர், ஒருவரோடொருவர் பேசாத தளத்தினரிடையே மொழிபெயர்ப்பாளராக நிற்கும் பொறுப்பு நமக்கு வருகிறது. வேற்று மாநிலத்துக்கு மாற்றலாகிச் சென்று, பேருந்துப் பலகையின் எழுத்துகளைப் படம்போல மனத்தில் பதித்துப் பழகிய அரசு ஊழியர் எவரும் இவ்விளையாட்டின் இன்பத்தை உடனே உணர்வர். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு காகிதமும் எழுதுகோலுமாக அமர்ந்து ஆடத் தக்கது. ஆண்டின் படைப்புகளுள் தகுதிக்குக் குறைவான கவனம் பெற்றது எது என்று கேட்டால், இதனையே சுட்டுவேன்.

டெர்ரா நில்: கட்டியதைக் கலைக்கும் கலை

நகரங்களைக் கட்டி எழுப்பும் விளையாட்டுகள் பல உண்டு. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் இயங்கும் ஃப்ரீ லைவ்ஸ் குழுவினர் அதனைத் தலைகீழாக்கினர். 2023 மார்ச் 28 அன்று வெளிவந்த ‘டெர்ரா நில்’ விளையாட்டில் நம்மிடம் தரப்படுவது நஞ்சேறிய தரிசு நிலம். காற்றாலை நிறுவி, மண்ணின் நச்சை அகற்றி, ஆற்றில் நீர் வரச்செய்து, புல்வெளியையும் சதுப்பு நிலத்தையும் காட்டையும் மீட்க வேண்டும். விலங்குகள் திரும்பி வந்த பின்னர், நாம் நிறுவிய இயந்திரங்கள் அனைத்தையும் பிரித்தெடுத்துக்கொண்டு, சுவடின்றி வெளியேற வேண்டும். அப்போதுதான் வெற்றி.

ஆகாயத் தாமரை மண்டிய ஆக்குளம் காயலின் கரையிலோ, வெள்ளாயணி ஏரிக்கரையிலோ மாலை நடை செல்வோர் இதன் பொருளை எளிதில் உணர்வர். அமைதியான இசை, மென்மையான வண்ணங்கள். வயது வேறுபாடின்றி அனைவரும் ஆடலாம்.

எ ஸ்பேஸ் ஃபார் தி அன்பவுண்ட்: நம்மைப் போன்ற ஊர்

இந்தோனேசியாவின் சுரபயா நகரிலுள்ள மொஜிகென் குழுவினர் 2023 ஜனவரி 19 அன்று வெளியிட்ட கதை விளையாட்டு. 1990-களின் இறுதியில், சிற்றூர் ஒன்றில், உயர்நிலைப் பள்ளி முடிக்கும் தறுவாயில் உள்ள அத்மா, ராயா என்னும் இருவரின் கதை. பழைய கணினி ஓவியங்களின் புள்ளி வடிவிலேயே தெருவும் கடையும் மாலை வெயிலும் தீட்டப்பட்டுள்ளன. அவற்றைக் காணும் தென்னிந்தியர் தம் ஊரையே காண்பதாக உணர்வர். பிறர் மனத்துள் நுழைந்து அவர்தம் துயரின் முடிச்சை அவிழ்ப்பதே ஆட்டம்.

மனச்சோர்வையும் குடும்ப வன்முறையையும் கதை நேராகத் தொடுகிறது. எனவே, பதின்பருவப் பிள்ளைகள் இதனை ஆடும்போது பெற்றோரில் ஒருவர் உடனிருப்பது நன்று. தேர்வு அழுத்தத்தைப் பற்றி நேரடியாகப் பேசத் தயங்கும் வீடுகளில், இவ்விளையாட்டு பேச்சுக்கு ஒரு வாயிலைத் திறக்கக்கூடும்.

பணப்பைக்குச் சில சொற்கள்

மேற்கூறிய ஐந்தும் விலைக்கு வாங்கி ஆடும் படைப்புகள். பணம் கட்டி, பணம் வெல்லும் நோக்கில் ஆடப்படும் இணைய ஆட்டங்கள் முற்றிலும் வேறானவை. அவற்றில் செலுத்தப்படும் தொகைக்கு 2023 அக்டோபர் 1 முதல் 28 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி விதிக்கப்பட்டது. வென்ற நிகரத் தொகையில் 30 விழுக்காடு வருமான வரி, 2023 ஏப்ரல் 1 முதல் பிடித்தம் செய்யப்பட்டது. வென்றாலும் தோற்றாலும் ஆடியவரின் கையில் தங்கியது குறைவு என்பதை இக்கணக்கே சொல்லும்.

மூன்றாவது வகை, ‘இலவசம்’ என்று தொடங்குபவை. பதிவிறக்கத்துக்குக் கட்டணம் இல்லை. உடை, ஆயுதம், அதிர்ஷ்டப் பெட்டி என்று உள்ளே வாங்கச் சொல்லிக்கொண்டே இருப்பர். இவற்றுக்கு முடிவும் இல்லை, செலவுக்கு எல்லையும் இல்லை. வீட்டில் பிள்ளைகள் இவற்றை ஆடுவராயின், சில முன்னெச்சரிக்கைகள் தேவை:

• விளையாட்டுத் தளங்களில் பற்று அட்டை, கடன் அட்டை விவரங்களைச் சேமித்து வைக்க வேண்டாம்.

• அட்டையின் இணையவழிப் பயன்பாட்டை வேண்டியபோது இயக்கவும், பிற நேரங்களில் நிறுத்தி வைக்கவும், பரிவர்த்தனை உச்சவரம்பை நாமே குறைக்கவும் வங்கிச் செயலியில் வசதி உண்டு. அதனைப் பயன்படுத்துக.

• தானியங்கிச் சந்தாக்களுக்குப் பணம் கழிக்கப்படுவதற்கு 24 மணி நேரம் முன்பாக அறிவிப்பு வரும். அக்குறுஞ்செய்தியை வாசிக்காமல் கடந்துவிட வேண்டாம்.

• கைபேசியின் செயலிக் கடையில், ஒவ்வொரு கொள்முதலுக்கும் பெற்றோரின் ஒப்புதல் தேவை என அமைத்து வையுங்கள். ஒருமுறைக் கடவுச்சொல்லையும் யு.பி.ஐ. இரகசிய எண்ணையும் பிள்ளைகளிடம்கூடப் பகிர வேண்டாம்.

• ‘இலவச நாணயங்கள் தருகிறோம்’ என்று வரும் இணைப்புகளில் ஏமாந்து பணம் இழந்தால், தாமதமின்றி 1930 என்னும் தேசிய உதவி எண்ணை அழைத்து, உங்கள் கிளைக்கும் தெரிவியுங்கள்.

கோடை விடுமுறையில் பிள்ளைகளிடமிருந்து கைபேசியைப் பறிப்பதே பல வீடுகளில் நாள்முழுதும் நடக்கும் போராட்டம். அதற்குப் பதிலாக, மாதத்துக்கு ஒரு விளையாட்டு என்று சிறு தொகையை ஒதுக்கி, எதை வாங்குவது என்பதைப் பிள்ளைகளோடு கலந்து முடிவு செய்து பாருங்கள். சிறு படைப்புகள் பண்டிகைக் காலத் தள்ளுபடியில் பாதி விலைக்கும் கிடைக்கும்; காத்திருந்து வாங்கலாம். விலையை ஒப்பிடவும், வரவு செலவுக்குள் நிற்கவும், ஆசையைச் சில வாரங்கள் ஒத்திவைக்கவும் பிள்ளைகள் அதன்வழியே கற்பர். முதல் மாதத்துக்கு ‘வெண்பா’ என் பரிந்துரை. ஆடி முடித்த மறுநாள் காலைச் சிற்றுண்டிக்குப் புட்டு வைப்பதா, இட்லி வைப்பதா என்பது மட்டும் உங்கள் இல்லத்தின் முடிவு.