குற்றவாளி அகப்படும் வரை காத்திருப்பதா?

2024 அக்டோபர் 11, இரவு எட்டரை மணி. கும்மிடிப்பூண்டிக்குச் சற்றுத் தெற்கே, கவரைப்பேட்டை நிலையம். மைசூரிலிருந்து தர்பங்கா நோக்கி விரைந்து வந்த பாக்மதி வண்டிக்கு, நேர்ப்பாதையில் செல்லப் பச்சை விளக்கு காட்டப்பட்டிருந்தது. வண்டியோ கிளைப்பாதையில் புகுந்தது. அங்கே நின்றுகொண்டிருந்த சரக்கு வண்டிமீது மோதிற்று! பெட்டிகள் புரண்டன, தீ எழுந்தது, பலர் காயமுற்றனர். உயிர்ச்சேதம் இல்லாதது ஒன்றே ஆறுதல்.

"யாரைப் பிடிச்சாங்க? எவனை உள்ளே தள்ளினாங்க?" என்று கேட்டார், சிப்காட் வாயிலில் தேநீர் அருந்திக்கொண்டிருந்த தோழர் ஒருவர்.

நியாயமான கேள்விதான். ஆனால், தோழர்களே, அது ஒன்றே கேள்வியன்று!

அந்தத் தண்டவாளத்தருகே ஆராய வந்தவர்கள் அனைவரும் ஒரே வேலைக்காக வந்தவர்களல்லர். ஒருவர், ரயில்வே பாதுகாப்பு ஆணையர். பெயரில்தான் ரயில்வே, அவர் இருப்பதோ விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ்! இரும்புப் பாதையை ஆராய ஆகாய இலாகாவா என்று நகைக்க வேண்டாம். தன் பிழையைத் தானே விசாரித்துத் தானே தீர்ப்பும் கூறிக்கொள்வது முறையாகாது என்பதால், 1941இலேயே ரயில்வேயின் பிடியிலிருந்து பிரிக்கப்பட்ட அமைப்பு அது. "எப்படி நடந்தது?" என்பதே அவர் கேள்வி. அவர் முன் ஊழியர் கூறும் சாட்சியத்தை, அந்த ஊழியருக்கு எதிராகவே சிவில் வழக்கிலோ கிரிமினல் வழக்கிலோ பயன்படுத்தக் கூடாது. பொய்சாட்சி சொன்னால் மட்டுமே வழக்கு. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 117ஆம் பிரிவு அப்படிக் கூறுகிறது. ஏன்? அச்சமின்றிப் பேசினால்தானே உண்மை வெளிவரும்!

ரயில்வே போலீசார் வந்தது வேறு வேலைக்கு. நாசவேலையோ என்ற ஐயம் எழுந்ததால் தேசியப் புலனாய்வு முகமையினரும் வந்து பார்த்தனர். "யார் செய்தது? தெரிந்தே செய்தானா?" என்பது இவர்கள் கேள்வி. ஐயத்திற்கிடமின்றி மெய்ப்பிக்க வேண்டும், இயலாவிடில் விடுதலை. ஒருவனைச் சிறையில் பூட்டுமுன் அவ்வளவு கண்டிப்பு வேண்டும்தான், மறுப்பாரில்லை.

காலொடிந்து கிடக்கிறானே பயணி, அவன் கதி? குற்றவாளி அகப்பட்டு, வழக்கு நடந்து, மேல்முறையீடும் முடியும் வரை கட்டிலில் கிடப்பதா? தேவையில்லை! அவனுக்கென்று ரயில்வே உரிமைக் கோரிக்கைத் தீர்ப்பாயம் இருக்கிறது. ரயில்வேயின் தவறு என்று அவன் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. முறையான பயணி, விபத்தில் காயமுற்றான் என்று காட்டினால் போதும். அதே சட்டத்தின் 124ஆம் பிரிவு அவனுக்குத் துணை. ஆனால், விபத்து நடந்து ஓராண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். தாமதத்திற்குத் தக்க காரணம் காட்டினால் ஏற்கலாம். ஏற்பார்கள் என்று நம்பிச் சும்மா இருப்பது பேதைமை.

பொதுவாகச் சிவில் வழக்கில் தராசின் எந்தத் தட்டுச் சாய்கிறது என்றுதான் பார்ப்பார்கள். கிரிமினல் வழக்கின் கண்டிப்பு அங்கே இல்லை. ஆகவே ஒருவன் அங்கே விடுதலையாகி, இங்கே பணம் கட்ட நேரிடலாம். முரண் அன்று, அளவுகோல் வேறு.

போபாலைப் பாருங்கள். 1984 டிசம்பரில் நச்சுக்காற்று. 1989இல் சிவில் வழக்கில் 47 கோடி டாலர் உடன்பாடு. போதாத தொகை என்று மக்கள் குமுறினர், குமுறியது சரியே. கிரிமினல் வழக்கிலோ தீர்ப்பு வந்தது 2010 ஜூன் 7இல், ஈராண்டுச் சிறை என்று! அதுவரை காத்திருந்தால் அந்தப் பணமும் கால் நூற்றாண்டு கழித்துத்தான்.

தர்பங்கா வண்டியில் செல்கிற பீகார்த் தொழிலாளிதான் நம் தொழிற்பேட்டையில் அச்சு இயந்திரத்தின் முன்னும் நிற்கிறான். விரல் போனால், "போலீஸ் கேஸ் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்கிறார் மேஸ்திரி. எந்தச் சட்டம் சொல்கிறது அப்படி? அவர் வசதி சொல்கிறது!

கேட்டுக்கொண்டிருந்த தோழர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்போ டிக்கெட்டைப் பத்திரமா வெச்சிருக்கணுமா, அண்ணே?"

ஆம் தோழரே. கைபேசியில் வந்த குறுஞ்செய்தியானாலும் அழிக்காதீர். மருத்துவமனைச் சீட்டையும் அதோடு வையும்.