செவி காக்கும் கிண்ணமும் அதனுள் அமையும் மின்னணுக் கருவியும்

ஏரும் காளையும் செய்துவந்த வேலையில் பெரும்பகுதியை இன்று டிராக்டரும் கதிரடிக்கும் இயந்திரமும் அறுவடை இயந்திரமும் செய்து முடிக்கின்றன. காலமும் உழைப்பும் மிச்சமாகின்றன என்பது கண்கூடு. ஆனால் இவ்வியந்திரங்களுடன் கிராமத்திற்குள் வந்த இரைச்சலைப் பற்றி நாம் போதிய கவனம் செலுத்துவதில்லை.

இரைச்சலை டெசிபெல் என்னும் அலகால் அளப்பர். மூடிய அறையில்லாத டிராக்டரை ஓட்டுபவரின் காதருகே 90 முதல் 100 டெசிபெல் வரை இரைச்சல் எழுவதுண்டு. அமெரிக்க நாட்டின் தேசியத் தொழிற்பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் 1998-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, 85 டெசிபெல் இரைச்சலில் நாளொன்றுக்கு 8 மணி நேரத்திற்கு மேல் இருத்தலாகாது. அளவு 3 டெசிபெல் கூடுந்தோறும் அந்நேரம் பாதியாகும். 94 டெசிபெல் ஆயின் ஒரு மணி நேரமே. உட்செவியில் ஒலியை உணரும் நுண்ணிய மயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மனிதருக்கு அவை மீண்டும் தோன்றுவதில்லை. வலியின்றிச் சிறுகச் சிறுக நேரும் இழப்பாதலின், வீட்டார் அழைப்பது காதில் விழாத நிலை வந்த பின்னரே பலர் இதனை உணர்கின்றனர்.

இதற்குக் கைகண்ட சாதனம், இரு காதுகளையும் மூடும் கிண்ணங்களைத் தலைப்பட்டையால் இணைத்த காதுக் காப்பு ஆகும். “அதை அணிந்தால் பின்னால் நிற்பவர் கூப்பிடுவது கேட்பதில்லை, இயந்திரத்தின் பழுதோசையும் தெரிவதில்லை” என்று ஓட்டுநர்கள் கூறுவர். அது நியாயமான குறையே. ஆனால் அதனால் விளையும் கேடு பெரிது. 30 டெசிபெல் குறைக்கவல்ல காப்பை 8 மணி நேர வேலையில் அரை மணி நேரம் மட்டும் கழற்றி வைத்தாலும், அன்றைய மொத்தப் பயன் ஏறத்தாழ 12 டெசிபெல்லாகக் குன்றிவிடும். கழற்றாமலே பேச்சைக் கேட்பதற்காகத்தான் கிண்ணத்தினுள் மின்னணுக் கருவியை அமைக்கலாயினர்.

இக்கருவி இருவகைப்படும். முதல் வகையில், கிண்ணத்தின் வெளிப்புறத்திலுள்ள மைக் சுற்றுப்புற ஒலியை வாங்கி, உள்ளேயுள்ள சிறு ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. மெல்லிய பேச்சு தெளிவாகக் கேட்கும். பேரொலி வந்தாலோ கருவி அதனைக் கட்டுப்படுத்திவிடும். இத்தகைய காப்புகள் பலவற்றில் 82 டெசிபெல்லே உச்ச வரம்பு. இரண்டாம் வகை, இரைச்சலுக்கு நேர் எதிரான அலையை உண்டாக்கி அதனைத் தணிப்பது. இக்கருத்துக்கு ஜெர்மானியரான பால் லூக் 1936-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். வங்காளத் தந்தைக்கு அமெரிக்காவில் பிறந்த அமர் போஸ் நிறுவிய நிறுவனம், 1989-இல் விமானிகளுக்கான காப்பாக இதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எஞ்சினின் தாழ்ந்த உறுமலைத் தணிப்பதில் இம்முறை சிறந்தது; கீச்சென்ற உயர்ந்த ஒலிகளைத் தடுப்பது கிண்ணத்தின் பொறுப்பே.

இங்கே ஓர் உண்மையை மனத்திற் கொள்ள வேண்டும். காதைக் காப்பது முதலில் கிண்ணம். கருவி அதற்குத் துணை மட்டுமே. கிண்ணத்தினுள் அடைபட்ட காற்று ஒரு சுருள்வில் போல் இயங்குகிறது. காற்றின் இடம் குறுகினால் அவ்வில் விறைத்து, தாழ்ந்த ஒலிகள் எளிதில் உட்புகும். மின்தகடும் பாட்டரியும் அந்த இடத்தையே கவர்ந்துகொள்கின்றன. இடத்தைப் பெருக்கக் கிண்ணத்தைப் பெரிதாக்கினால் எடை கூடும். எடையைத் தாங்கப் பட்டையை இறுக்கினால் தலை வலிக்கும். பட்டையின் அழுத்தம் 14 நியூட்டனை, அதாவது ஏறக்குறைய 1.4 கிலோ எடையின் அழுத்தத்தை, மீறலாகாது என்பது ஐரோப்பியத் தரவிதி.

ஆகவே நல்ல அமைப்பில் பாட்டரிக்குத் தனி அறை இருக்கும்; அதன் மூடியைத் திறந்தாலும் காதுப்புறத்து அறை திறவாது. கம்பியும் மைக்கும் நுழையும் துளைகள் காற்றுப் புகாதவாறு அடைக்கப்பட்டிருக்கும். ஒரு கிண்ணத்தில் பாட்டரி, மற்றதில் மின்தகடு என எடை சமமாகப் பகிரப்பட்டிருக்கும். ஒலி வரும் திசை விளங்க, இருபுறமும் மைக் இருக்கும். காற்றின் சீறல் புகாதிருக்க அதன்மேல் நுரைப்பஞ்சு உறை இருக்கும். வியர்வையும் தூசியும் தாக்காதபடி மின்தகட்டின்மேல் பூச்சு இடப்பட்டிருக்கும்.

பஞ்சாயத்துகளும், கூட்டுறவுச் சங்கங்களும், இயந்திர வாடகை மையங்களும் இக்காப்புகளை வாங்குமுன் எளிய சோதனை ஒன்றைச் செய்யலாம். கருவியை நிறுத்திவிட்டுக் காப்பை அணிந்து, ஓடும் இயந்திரத்தின் அருகே சிறிது நேரம் நிற்க வேண்டும். இரைச்சல் நன்கு குறைந்தால் கிண்ணம் தரமானது. குறையாவிடில், கருவி எத்துணை விலையுயர்ந்ததாயினும் அதனை வாங்குதல் வீண் செலவு. நடுப்பகலில் பாட்டரி தீர்ந்துபோனால் காதைக் காக்க எஞ்சுவது அக்கிண்ணம் ஒன்றே அன்றோ?

பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டியவையும் சில உள. தலைத்துண்டின் மேலோ தொப்பியின் மேலோ கிண்ணத்தைப் பொருத்தலாகாது. மெத்தை வளையம் தோலோடு படிந்தால்தான் ஒலி தடைபடும். மூக்குக் கண்ணாடி அணிவோர் மெல்லிய காம்புடையதைத் தேர்ந்துகொள்வது நன்று. வியர்வையால் விறைத்த அல்லது வெடித்த வளையங்களை உடனே மாற்ற வேண்டும். மாற்று வளையம் கிடைக்காத காப்பை வாங்காதிருப்பதே நலம். ஒருவர் அணிந்ததைத் துடைக்காமல் மற்றவர் அணியலாகாது. வேலை நேரத்தில் பாட்டுக் கேட்பதற்கு இக்கருவியைப் பயன்படுத்துதல் ஆபத்தை வரவழைப்பதாகும்.

டிராக்டருக்கு எண்ணெயும் உதிரி உறுப்புகளும் வாங்கப் பணம் ஒதுக்குகிறோம். அதனை ஓட்டும் மனிதரின் செவிக்கும் அவ்வாறே ஒரு சிறு தொகையை ஒதுக்குவது பஞ்சாயத்து அங்கத்தினர்களின் கடமையாகும். தேய்ந்த உறுப்பைக் கடையில் வாங்கி மாற்றிவிடலாம். இழந்த செவியுணர்வை எக்கடையிலும் வாங்க இயலாது.