மணியின் இரத்தத்தில் ஒரு அண்டர்ஃபிரேம்

எங்கள் நாய் மணி உண்ணிக் காய்ச்சலில் படுத்தபோதுதான் 'பபீசியா' என்ற பெயரே எனக்குத் தெரியும். சிவப்பணுவுக்குள் புகுந்து அதை உடைக்கும் ஒட்டுண்ணி. இதில் கிப்சோனி என்ற இனத்தைப் பேட்டன் என்பவர் 1910-ல் முதன்முதலில் விவரித்தது மதராஸ் வேட்டை நாய்களில்தான். நம் ஊர்ச் சரக்கு!

ரயில் பெட்டிக்கு அண்டர்ஃபிரேம் போல, இதன் உறைக்கு அடியில் டியூபுலின் புரதத்தாலான நுண்குழாய்கள் உண்டு. அந்தப் புரதத்தின் மரபணுவைப் பிடிப்பது எப்படி? நாய்க்கும் டியூபுலின் இருக்கிறதே! ஒட்டுண்ணிக் குடும்பத்தில் மாறாமலும், நாயிடம் வேறாகவும் உள்ள எழுத்துவரிசையைத் தேடி, பி.சி.ஆர். முறையில் அந்தப் பகுதியை மட்டும் பெருக்கிப் படிக்கிறார்கள். இனத்துக்கு இனம் சில எழுத்துகள் மாறும்.

கானிஸ் இனத்துக்குக் கேட்கும் இமிடோகார்ப் ஊசி கிப்சோனிக்குச் சரியாகக் கேட்பதில்லை. மணிக்கு முதலில் போட்டது அதைத்தான். இனம் தெரிந்து மருந்தை மாற்றிய பிறகே எழுந்து சோறு தின்றது.